ஆலோசனை ஆப் வந்த நாலே மாசத்தில் யோசனைகள் வற்றிவிட்டன: கோளாறு எங்கே?

மூணாம்ஷிஃப்ட் கேட்டது:

வணக்கம். கோவையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு மெஷினிங் யூனிட். 210 பேர், மூன்று ஷிஃப்ட், கணினி ஓட்டும் சி.என்.சி., வி.எம்.சி. எல்லாம் சேர்த்து 34 மெஷின். ஆட்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒடிசா, பீகார் பக்கம். ஒப்பந்த ஆட்களும் உண்டு.

போன வருஷம் நிர்வாகம் டிஜிட்டல் பக்கம் இறங்கியது. எல்லா மெஷினிலும் மானிட்டரிங் கருவி வைத்து, ஓ.இ.இ. (மெஷின் எவ்வளவு பயனாக ஓடியது என்ற சதவீதம்) கணக்கைப் பெரிய டி.வி.யில் ஆப்பரேட்டர் பெயரோடு ஓடவிட்டார்கள். பழைய ஆலோசனைப் பெட்டியை எடுத்துவிட்டு ஆப் கொண்டுவந்தார்கள். எம்.டி. முதல் சூப்பர்வைசர் வரை எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினார்கள்.

ஆப்பில் முதல் மாதம் 96 ஆலோசனை வந்தது. நாலாவது மாதம் 7. அந்த ஏழிலும் மூன்று, கேன்டீனில் ஃபேன் போடச் சொல்லி. எல்லா ஆலோசனையும் பிளான்ட் ஹெட்டின் ஒப்புதலுக்குப் போகும். மிச்சமாகும் தொகையில் 5 சதவீதம் பரிசு. எம்.டி. இரண்டு வழி சொல்கிறார்: பரிசை 10 சதவீதம் ஆக்குவது, இல்லையென்றால் ஆளுக்கு மாதம் 2 ஆலோசனை கட்டாயம் என்று போடுவது. எது நல்லது? ஆப்பையே மாற்றிவிடலாமா?

---

கைசன்வட்டம் பதில்:

இரண்டுமே வேண்டாம். ஆப்பையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

முதலில் ஆப்பில் இருப்பதை எக்செலில் இறக்குங்கள். ஆலோசனை பதிவான தேதிக்கும் முதல் பதில் போன தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று ஒரு பத்தி போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். பதிலே போகாதவை எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். உங்கள் நோய் அந்தப் பத்தியில்தான் இருக்கும்.

96 ஆலோசனையும் ஒரே ஆள் மேசைக்குப் போகிறது. ஒன்றைப் படித்து, மெஷின் பக்கம் போய்ப் பார்த்து, பதில் எழுத 20 நிமிஷம் என்றால் மொத்தம் 32 மணி நேரம், அதாவது நாலு முழு வேலைநாள். அந்த நேரம் எந்த பிளான்ட் ஹெட்டிடமும் இருக்காது. பழைய பெட்டியில் சீட்டு போட்டவனுக்கு அது என்ன ஆனது என்று தெரியாது, மறந்துவிடுவான். ஆப்பில் "பரிசீலனையில்" என்ற சொல்லைத் தினமும் பார்க்கிறான். தன்னை யாரும் மதிக்கவில்லை என்பதை அந்தத் திரையே நாள்தோறும் சொல்கிறது. டிஜிட்டல் ஆக்கியதும் இது மோசமாவது இதனால்தான்.

கட்டாயம் போட்டால் மாதம் 420 ஆலோசனை. அதே 20 நிமிஷக் கணக்கில் 140 மணி நேரம். தொட்டிக்கு மூடி போடு, கோட்டுக்குப் பெயின்ட் அடி என்று ஆள் ஆளுக்கு எழுதி எண்ணிக்கையை நிரப்புவார்கள். நல்லது நாலு வந்தாலும் அந்தக் குவியலில் புதைந்துவிடும்.

சதவீதப் பரிசில் வேறு சிக்கல். சைக்கிள் டைம் (ஒரு பீஸ் முடிக்க ஆகும் நேரம்) 8 வினாடி குறைந்தால் அது எத்தனை ரூபாய்? அந்த நேரத்தில் கூடுதல் ஆர்டர் ஓடினால்தான் பணம் என்று அக்கவுன்ட்ஸ் சொல்லும். ஆப்பரேட்டர் மெஷின் மணிநேர வாடகையைப் போட்டுப் பெருக்குவார். இரண்டு கணக்கும் அதனதன் வழியில் சரி, அதனால் சண்டை தீராது. இன்னொன்று, யோசனைக்கு விலை வைத்தால் அடுத்தவரிடம் சொல்ல மனசு வராது. மெஷினைச் செட் செய்யும் செட்டர் ஒரு ஃபிக்ஸ்சர் (பீஸைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) உத்தியை ஆப்பில் தன் பெயரில் போடும்வரை மூடி வைத்துக்கொள்வார். நடைமுறைக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரே தொகை, சும்மா 200 ரூபாய் போதும். செய்து முடிக்க உதவியவர்களுக்கும் அதே தொகை. பெரிய மிச்சம் தருபவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழுவாகப் பார்த்துத் தனியாகக் கொடுங்கள்.

நான் மாற்றச் சொல்வது முடிவெடுக்கும் இடத்தை:

- 2,000 ரூபாய்க்குள், அதே செல்லுக்குள் (சேர்ந்து இயங்கும் மெஷின் குழு) முடிகிற வேலை: ஷிஃப்ட் சூப்பர்வைசர், அன்றைக்கே. கையிருப்புத் தொகை அவரிடமே இருக்க வேண்டும். பர்ச்சேஸ் ரிக்விசிஷன் (வாங்கக் கோரும் படிவம்) போட வைத்தால் இந்த அதிகாரத்துக்கு அர்த்தமில்லை.
- 15,000 வரை: செல் இன்சார்ஜ், மெயின்டனன்ஸ், தரம் மூவரும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம், மெஷின் பக்கத்தில் நின்றபடி.
- அதற்கு மேல் மட்டும் பிளான்ட் ஹெட்.

24 மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் பெயரில் பதில் போக வேண்டும், தானியங்கிச் செய்தி ஆகாது. 7 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை. இல்லை என்றால் காரணம் ஒரு வரி.

ஆப் படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று சொல்லவில்லை. மூன்று போதும்: ஒரு படம், என்ன தொந்தரவு, என்ன செய்யலாம். "எதிர்பார்க்கும் சேமிப்பு" என்ற கட்டம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள்.

டொயோட்டாவில் ஆலோசனைத் திட்டம் தொடங்கியது 1951-இல், அதன் அதிகாரிகள் அதற்கு முந்தைய வருஷம் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு. நம் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு டெமிங் பரிசு (ஜப்பான் தரும் தர விருது) வாங்கியது 1998-இல், டி.வி.எஸ். மோட்டார் 2002-இல். ஸ்மார்ட்ஃபோன் வராத காலம். ஊழியர் பங்கேற்பைத் தூணாக வைத்த டி.க்யூ.எம். (முழுத் தர மேலாண்மை) வழியில்தான் அந்தப் பரிசுகள் வந்தன. ஆப் என்பது தபால்காரர் மாதிரி. கடிதத்துக்குப் பதில் எழுதுவது நிர்வாகத்தின் வேலை.

---

ஸ்பிண்டில் பதில்:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் என் கண்ணை உறுத்துவது டி.வி.யில் ஓடும் பெயர்தான்.

ஒரு உதாரணம். ஃபேஸ் டர்னிங் (பீஸின் முகத்தைச் சீவும் வேலை), சைக்கிள் டைம் 90 வினாடி. வைப்பர் இன்சர்ட் (மேற்பரப்பை மழமழப்பாக்கும் வெட்டுமுனை) போட்டு ஃபீடை (ஒரு சுற்றுக்கு வெட்டுமுனை நகரும் தூரம்) 0.20-லிருந்து 0.25-க்குக் கூட்டினால் ஃபினிஷ் கெடாமல் 82 வினாடிக்கு வரலாம் என்று ஆப்பரேட்டருக்குத் தோன்றுகிறது. பார்த்துவிட வேண்டும் என்றால் இன்சர்ட் மாற்றணும், ஆஃப்செட் (வெட்டுமுனை நிற்கும் இடத்தின் திருத்த அளவு) எடுக்கணும், முதல் 5 பீஸை அளவுக்கு அனுப்பிக் காத்திருக்கணும். 40 நிமிஷம் போகும். 480 நிமிஷ ஷிஃப்டில் அது 8 சதவீதத்துக்கு மேல். டி.வி.யில் அவர் பெயர் சிவப்பாகிவிடும். தாண்டிப் போகிற எல்லோரும் பார்ப்பார்கள், ஏன் சிவப்பு என்று யாருக்கும் தெரியாது.

இப்போது மறுபக்கம். ஷிஃப்டுக்கு 300 பீஸ், பீஸுக்கு 8 வினாடி, மொத்தம் 2,400 வினாடி. சரியாக 40 நிமிஷம். இழந்த நேரம் அடுத்த ஒரே ஷிஃப்டில் திரும்பி வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். ஆனால் உங்கள் திரை இழப்பை இவர் கணக்கிலும், லாபத்தை அடுத்த ஷிஃப்ட்காரர் கணக்கிலும் எழுதுகிறது. யார் முயற்சி செய்வார்கள்?

செய்ய வேண்டியவை:

1. ஸ்டாப் கோடு (மெஷின் ஏன் நின்றது என்று தட்டும் காரணக் குறி) பட்டியலில் "முயற்சி" என்று ஒரு பட்டன் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நேரம் திட்டமிட்ட நிறுத்தமாகக் கணக்கில் போகட்டும். ஆப்பரேட்டரின் ஓ.இ.இ.யில் கை வைக்கக் கூடாது.

2. ஒரு செல்லுக்கு வாரம் 2 மணி நேரம் என்று முயற்சிக்கு ஒதுக்குங்கள். வரம்பு இல்லாவிட்டால் பிரேக்டவுனை எல்லாம் முயற்சி என்று அமுக்கிவிடுவார்கள். அதுவும் நடக்கும், தெரிந்தே சொல்கிறேன். பட்டனோடு ஒரு ஆலோசனை எண் கேட்டால் அது அடங்கிவிடும்.

3. ஸ்டாப் கோடுகள் 8 முதல் 12-க்குள் இருக்கட்டும். 30 கோடு வைத்தால் கையுறையோடு இருப்பவர் மேலே முதலில் தெரிவதைத் தட்டுவார். "மற்றவை" 10 சதவீதம் தாண்டினால் பட்டியல் தப்பு, ஆள் மேல் தப்பில்லை.

4. டி.வி.யில் ஆள் பெயரை எடுத்துவிட்டு மெஷின் எண், நிற்கும் காரணம், யார் உதவிக்கு வர வேண்டும் என்ற மூன்றும் காட்டுங்கள். "வி.எம்.சி. 12, கூலன்ட் அழுத்தம் குறைவு, மெயின்டனன்ஸ்" என்று ஓடினால் பார்ப்பவர் கண் மெஷின் பக்கம் போகும்.

பெயரைக் காட்டும் ஆசை உங்கள் யூனிட்டுக்கு மட்டும் வந்ததில்லை. மைக்ரோசாஃப்ட் தன் 365 மென்பொருளில் புரொடக்டிவிட்டி ஸ்கோர் என்று ஒன்று கொண்டுவந்து, யார் எத்தனை நாள் மெயில் அனுப்பினார்கள், எத்தனை நாள் சாட் செய்தார்கள் என்று தனிநபர் பெயரோடு நிர்வாகம் பார்க்கும்படி வைத்தது. 2020 நவம்பரில் கடும் எதிர்ப்பு வந்தது. டிசம்பர் தொடக்கத்திலேயே பெயர்களை நீக்கி, நிறுவன அளவில் மட்டும் காட்டுவதாக அறிவித்தார்கள்.

---

தரக்கணக்கு பதில்:

இரண்டு பேரும் சொன்னது நல்ல வழி. ஆனால் வண்டி உதிரிபாகம் என்பதால் ஒரு எச்சரிக்கை. கைசன்வட்டம் சார், ரூபாயை மட்டும் அளவுகோலாக வைத்து சூப்பர்வைசருக்கு அதிகாரம் கொடுப்பது ஆபத்து. ஒரு பைசா செலவில்லாத மாற்றம்தான் பெரிய கஸ்டமர் கம்ப்ளைன்ட்டைக் கொண்டுவரும். ஸ்பிண்டில் சொன்ன ஃபீட் மாற்றமே அப்படித்தான்.

ஐ.ஏ.டி.எஃப். 16949 (வண்டித் தொழிலுக்கான தரச் சான்று) உள்ள யூனிட்டில் மனிதர், மெஷின், மூலப்பொருள், முறை என்ற நாலில் எதைத் தொட்டாலும் 4எம் மாற்றப் பதிவு வேண்டும். ஆகவே ஆப்பில் ஆலோசனையைத் தொகையால் பிரிப்பதற்கு முன், எதைத் தொடுகிறது என்று பிரியுங்கள்.

பச்சை: பீஸைத் தொடாதவை. ரேக், டூல் டிராலி, விளக்கு, சிப்ஸ் அள்ளும் தட்டு, நடக்கும் தூரம். இதற்கு மேலே சொன்ன சூப்பர்வைசர் அதிகாரம் கச்சிதம்.

மஞ்சள்: கன்ட்ரோல் பிளானில் (ஒவ்வொரு வேலைக்கும் அளவு, சோதனை எழுதிய தரத் தாள்) எழுதியிருக்கும் வரம்புக்குள் வேகம், ஃபீடை மாற்றுவது. சூப்பர்வைசரோடு தரப்பிரிவின் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்து போட 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் தப்பு எங்கள் பிரிவுடையது. அதையும் திரையில் காட்டுங்கள்.

சிவப்பு: வரம்புக்கு வெளியே போவது, இன்சர்ட் கிரேடு, ஃபிக்ஸ்சரில் பீஸ் உட்காரும் லொகேட்டிங் பாயின்ட், மூலப்பொருள், வரிசை மாற்றம். இங்கே கஸ்டமர் ஒப்புதல், தேவைப்பட்டால் பி.பி.ஏ.பி. (உற்பத்திக்கு முன் கஸ்டமரிடம் வாங்கும் பீஸ் ஒப்புதல்) மறுபடி. மாதக்கணக்கில் ஆகும். இதை ஆலோசனை சொன்னவரிடம் முதல் நாளே நேராகச் சொல்லிவிட வேண்டும். "உங்க யோசனை சரிங்க, கஸ்டமரிடம் கேட்கணும், மூணு மாசம் ஆகும்" என்று கேட்டவர் காத்திருப்பார். ஒன்றும் கேட்காதவர்தான் ஒதுங்கிவிடுவார்.

முயற்சி ஓடும்போது அந்தப் பீஸ்கள் தனி நிறத் தொட்டியில், தனி லாட் எண்ணோடு, 100 சதவீதம் அளந்து, கையெழுத்து வரும்வரை டிஸ்பேட்ச்சுக்குப் போகாமல் நிற்க வேண்டும். 30 பீஸ் ஓட்டுங்கள். எந்த அளவு தாண்டினால் நிறுத்துவது என்று ஓட்டுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். உதாரணமாக ஃபினிஷ் வரம்பு ஆர்.ஏ. (மேற்பரப்புச் சொரசொரப்பின் அளவு) 1.6 என்றால் 1.4-ஐத் தொட்டதும் நிறுத்தம். ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தால், இன்னும் நாலு பீஸ் பார்க்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். முயற்சி முடிந்ததும் பழைய புரோகிராமும் பழைய ஆஃப்செட்டும் மெஷினில் திரும்ப ஏறிவிட்டதா என்று அடுத்த ஷிஃப்ட் செட்டர் கையெழுத்திட வேண்டும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கும். பகல் ஷிஃப்டில் முயற்சி, ராத்திரி ஷிஃப்டுக்குச் சொல்லவே இல்லை, காலையில் பார்த்தால் 250 பீஸ் ரிஜெக்ஷன். அப்புறம் அந்த செல்லில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

---

வெண்பலகை பதில்:

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி யாரும் பேசவில்லையே.

எம்.டி. இருக்கும் குழுவில் யோசனை பிறக்காது. அவர் ராத்திரி 11 மணிக்கு ஒரு படம் போட்டு "இது ஏன் இப்படி?" என்று கேட்டால், அடுத்த பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு "நோட்டட் சார்" வரும். கேள்விக்குப் பதில் வராது. அந்தக் குழுவை அறிவிப்புக்கும் அவசரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யோசனைக்கு வேறு இடம் வேண்டும்.

கூட்டம் போட்டாலும் இதே கதைதான். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கணும், காத்திருக்கும்போது தன் யோசனை மறந்துபோகும் அல்லது சொல்ல வேண்டாம் என்று தோன்றும். மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரூபே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987-இல் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். சேர்ந்து உட்கார்ந்து பேசும் குழுவைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக எழுதினால் யோசனை அதிகம் வருகிறது. அமேசானில் 2004-இல் மூத்த அதிகாரிகள் கூட்டத்தில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, எழுதிக் கொண்டுவந்த குறிப்பை முதலில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் யூனிட்டுக்கு இப்படிச் செய்யலாம். வாரக் கூட்டத்தில் ஒரே ஒரு தொந்தரவு. "எம்8 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஏன் ஒடிகிறது" அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும்; "உற்பத்தியை எப்படிக் கூட்டுவது" மாதிரி அகலமாக வேண்டாம். ஒடிந்த டேப்பையும் அந்தப் பீஸையும் மேசைமேல் வையுங்கள். 8 நிமிஷம் எல்லோரும் சீட்டில் எழுதட்டும், பேச்சு கூடாது. சீட்டைக் கலைத்து, பெயர் சொல்லாமல் ஒருவர் படிக்கட்டும். அப்புறம் பேச்சு. பிளான்ட் ஹெட் கடைசியில் பேச வேண்டும், எம்.டி. வந்தால் அவர் பிளான்ட் ஹெட்டுக்கும் பின்னால். பெரியவர் முதலில் வாய் திறந்தால் மிச்சப் பேர் அந்தப் பக்கமே சாய்வார்கள்.

வேறு கிளை ஆட்களை வீடியோவில் சேர்ப்பதாக இருந்தால் ஒன்று. மெலனி பிரக்ஸ், ஜொனாதன் லெவாவ் இருவரும் 2022-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாட்டுப் பொறியாளர்களை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தார்கள். வீடியோவில் பேசியவர்கள் நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகளையே தந்தார்கள். கண் திரையிலேயே குத்திட்டு நிற்பதால் மனசும் அகலமாக அலைவதில்லை என்பது அவர்கள் விளக்கம். வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ பின்தங்கவில்லை. ஆக, யோசிக்க நேரில் கூடுங்கள். தேர்வுக்கு வீடியோ போதும்.

மொழி. ஒடியாவும் இந்தியும் பேசும் ஆட்கள் தமிழிலோ இங்கிலீஷிலோ தட்டெழுத மாட்டார்கள். குரல் பதிவு வசதி வையுங்கள். அதை எழுத்தாக்கி மொழிபெயர்க்கும் மென்பொருள் பட்டறைச் சொற்களைக் குழப்பும். டேப் ஒடிஞ்சது என்றால் தண்ணிக் குழாய் உடைந்ததாக எழுதி, அது சிவில் மெயின்டனன்ஸுக்குப் போய்விடும். எழுத்தோடு மூல ஒலியையும் வைத்துக்கொண்டு, அந்த மொழி தெரிந்த ஒருவர் கேட்ட பிறகே பிரிவுக்கு அனுப்புங்கள். ஒப்பந்த ஆட்களுக்கு லாகின் உண்டா? மெயில் ஐ.டி. கேட்கும் ஆப் என்றால் அவர்கள் வெளியேதான் நிற்பார்கள். டோக்கன் நம்பரே லாகின் ஆகட்டும். ஷாப்புக்குள் ஃபோன் கூடாது என்ற விதி இருந்தால் டூல் கிரிப் (கருவிகள் கொடுக்கும் அறை) ஜன்னலில் ஒரு டேப்லெட் மாட்டுங்கள். இன்சார்ஜ் கேபின் எதிரில் மாட்டாதீர்கள்.

---

மூணாம்ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன பத்தியை எக்செலில் போட்டுப் பார்த்தேன். முதல் மாத 96-இல் 61-க்கு இன்னும் பதிலே இல்லை. படிவத்தில் 11 கட்டம், சேமிப்புக் கட்டமும் இருக்கிறது. ஒப்பந்த ஆட்களுக்கு லாகின் இல்லை.

பெயரை எடுப்பது பற்றி எம்.டி.யிடம் பேசினேன். "அப்போ யார் சோம்பேறி என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். 90 நாளில் பலன் காட்டு, எடுக்கிறேன் என்கிறார். எதை அளந்து காட்டுவது? பெயர் இல்லாமல் ஆலோசனை போடும் வசதியும் வைக்கலாமா?

---

ஸ்பிண்டில் பதில்:

எம்.டி. கேட்பது நியாயமான கவலைதான், ஆனால் அதற்கு இடம் டி.வி. இல்லை. ஆள்வாரிக் கணக்கு இன்சார்ஜின் கணினியில் இருக்கட்டும், ஆளோடு தனியாக உட்கார்ந்து பேசட்டும். 90 நாளுக்கு ஒரு செல்லில் மட்டும் பெயரை எடுத்துப் பாருங்கள், மற்றதில் பழையபடியே விடுங்கள். ஒப்பிட்டுக் காட்ட அது போதும்.

ஒரு விஷயத்தை எம்.டி.யிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அந்தச் செல்லில் முதல் மாதம் நிறுத்தங்களும் ரிஜெக்ஷனும் கூடின மாதிரி தெரியும். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், அதனால். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இரண்டாவது வாரமே எம்.டி. பழையபடி மாற்றச் சொல்வார்.

---

கைசன்வட்டம் பதில்:

தரக்கணக்கு சார் சொன்ன நிறப் பிரிவை ஏற்கிறேன், என் ரூபாய் வரம்பு பச்சைக்கு மட்டும் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

பெயரில்லாத ஆலோசனை வேண்டாம். பதில் யாருக்குப் போகும்? செய்து பார்க்க யாரைக் கூப்பிடுவது? பாதுகாப்புக் குறைபாட்டுக்கும், மேலதிகாரி மேலான புகாருக்கும் மட்டும் பெயரில்லாத தனி வழி வையுங்கள், அது மனிதவளப் பிரிவுக்குப் போகட்டும். இரண்டையும் ஒரே பட்டனில் கலக்கக் கூடாது.

அளப்பதற்கு நாலு போதும். முதல் பதிலுக்கு ஆகும் நாள், சராசரி வேண்டாம், வரிசையில் நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். ஒரு ஆலோசனையாவது தந்தவர்கள் 210 பேரில் எத்தனை பேர். நடைமுறைக்கு வந்தவை எத்தனை. ஒருமுறை தந்தவரில் இரண்டாவது முறை தந்தவர் எத்தனை. கடைசி எண்தான் எனக்கு முக்கியம். முதல் முறை ஆர்வத்தில் யாரும் தருவார்கள். இரண்டாவது முறை தருபவருக்கு முதல் முறை மரியாதை கிடைத்திருக்கிறது. மொத்த எண்ணிக்கையை டி.வி.யில் போடாதீர்கள், போட்டால் அதைத்தான் நிரப்புவார்கள்.

புதிதாக எதையும் தொடங்கும் முன் அந்த 61-ஐ முடியுங்கள். செல் இன்சார்ஜ்கள் ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 12 அல்லது 13 வரும், பத்து நாள் வேலை. ஆப்பில் பதில் தட்டிவிட வேண்டாம், ஆளிடம் நேரில் போய்ச் சொல்லட்டும், ராத்திரி ஷிஃப்டிலிருந்து ஆரம்பிக்கட்டும். வேலையை விட்டுப் போனவர்களுடையதையும் படியுங்கள்.

அப்புறம் அந்தக் கேன்டீன் ஃபேன். அதை ஒதுக்கிவிட்ட தொனியில் எழுதியிருந்தீர்கள். நாலு மாதத்துக்குப் பிறகும் மூன்று பேர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள், யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க. பச்சைப் பிரிவு, செலவு சின்னது. இந்த வாரமே மாட்டிவிட்டு, மூன்று பேருக்கும் படத்தோடு பதில் அனுப்புங்கள்.